ஒரு கண்டி எத்தனை ராத்தல்?

கோவில்பட்டிக் கரிசலில் விளைந்த பஞ்சு, தூத்துக்குடியில் கப்பலேறி 'திருநெல்வேலிப் பஞ்சு' என்ற பெயரில் வெளிநாடு போனது. அந்த வணிகத்தின் எடை கண்டி. சென்னைக் கண்டி 500 ராத்தல். பம்பாய்க் கண்டி 784 ராத்தல். உள்ளூருக்குள் விற்று வாங்கும்வரை தொல்லை இல்லை. ரெண்டு ஊர் பேசும்போதுதான் வம்பு. கடைசியில் நிலைத்தது பம்பாய்க் கணக்கு: இன்றைக்கும் பஞ்சு விலையை 355.62 கிலோக் கண்டிக்குத்தான் சொல்கிறார்கள்.

கிரிப்டோகிராஃபியிலும் இப்படி எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டிய எண்கள் உண்டு. 2002-இல் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் வெளியிட்ட ஷா-256-இல் 64 மாறிலிகள். முதல் 64 பகா எண்களின் கனமூலத்தை எடுத்து, புள்ளிக்குப் பின்னால் வரும் முதல் 32 பிட்டை வைத்துக்கொண்டார்கள். யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம், ஒளிவுமறைவு இல்லை.

ஒரு லைப்ரரியில் இதில் ஒன்றைத் தப்பாகத் தட்டிவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, அதுதான் ஆபத்து. அது போட்ட கையொப்பத்தை அதுவே சரிபார்த்து 'சரி' என்றுவிடும். தன் எடைக்கல்லைத் தன் கல்லாலேயே நிறுப்பது மாதிரி. சரியான எண்களைச் சிலிக்கானில் பதித்த சிப்போடு பேசும்போதுதான் மாட்டிக்கும். அதற்குள் ஆயிரக்கணக்கான கையொப்பங்கள் சேர்ந்திருக்கும். திருத்தினால் பழையது செல்லாது. விட்டால் புதிய கருவி சேராது.

அதனால்தான் அந்தத் தர ஆவணமே, 'ஏபிசி' என்ற மூன்று எழுத்துக்கு வரவேண்டிய விடையை அச்சடித்துத் தந்தது. ஊருக்குப் பொதுவான முத்திரைக் கல் அது. முதலில் அதோடு நிறுத்துப் பார்க்கணும்.