தோல் ஒன்று, மரியாதை வேறு



நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல் பக்கம் அம்மனுக்குப் பொங்கல் சாட்டிவிட்டால் ஊரே அதிரும். நாகசுரத்தோடு தவில், பம்பை, தமுக்கு சேர்ந்தால் நையாண்டி மேளம். தேவராட்டத்துக்குத் தேவதுந்துமி. நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் பறை.

படிக்கிற காலத்தில் எனக்கு இதெல்லாம் ஒரே சத்தம்தான். மேல்நாட்டு இசைக்குழுவின் டிம்பனியைப் பார்த்துத்தான் வாய் பிளந்தேன். செம்பு அண்டாவின் மேல் தோல். பெடலை மிதித்தால் தோல் இறுகும், சுருதி ஏறும். ஜெர்மனியின் டிரெஸ்டனில் 1880-களில் உருவான ஏற்பாடு அது.

ஆனால் டிம்பனி சபையில் பிறந்ததல்ல. மேற்காசியாவில் 'நக்காரா' என்ற பெயரில் குதிரை, ஒட்டகத்தின் மேல் ஜோடியாக முழங்கிய போர் முரசு. ஐரோப்பியக் குதிரைப்படையோடு சுற்றிவிட்டு, 17-ஆம் நூற்றாண்டில்தான் இசைக்குழுவுக்குள் நுழைந்தது. நம் கோயில் நகராவும் அதே குடும்பம்தான்.

நம் மிருதங்கம் இன்னொரு அதிசயம். வெறும் தோலைத் தட்டினால் அதன் மேலொலிகள் ஒன்றோடொன்று இணங்காது. வலந்தலையில் அப்பிய கருஞ்சோறு அவற்றைச் சுருதிக்குள் இழுத்து வருகிறது. சி.வி.ராமன் 1920-இல் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார்.

டிம்பனிக்குப் பெடல், மிருதங்கத்துக்குக் கல்லும் கட்டையும், இன்றைய தவிலுக்கு இரும்பு வளையமும் போல்ட்டும். பறைக்கு?

சில வருஷம் முன்பு, ஒரு கார்த்திகைத் தூறலில், திருச்சுழி பக்கம் ஒரு சாவு வீட்டில் அதைப் பார்த்தேன். ஒரு பெரியவர் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காட்டினார், தட்டினார், காது கொடுத்தார், மறுபடி காட்டினார். "ஈரத்துல தோலு தொங்கிப்போச்சு தம்பி. சூடு காட்டுனா ஏறிக்கிரும்" என்றார். ஈரம் போனால் தோல் சுருங்கும், இழுவிசை கூடும். என் பாடப்புத்தகம் சொன்னதும் அதுதான். அவரிடம் மீட்டரும் இல்லை, பெடலும் இல்லை; காதுதான்.

அப்போது அவர் பேரன் வயசுப் பையன் ஒருவன், "டேய், சீக்கிரம் அடி" என்றான். அவர் அடித்தார். நான் வாய் திறக்கவில்லை.

சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் தோல்கருவிகளைப் பெரிய பட்டியலே போட்டிருக்கிறார். உ.வே.சா. 1892-இல் அதை அச்சேற்றினார். அதில் மத்தளம் போன்ற அகமுழவு உத்தமம். தண்ணுமை போன்ற அகப்புறமுழவு மத்திமம். கணப்பறை போன்ற புறமுழவு அதமம். கருவிக்கு அன்றே படி கட்டிவிட்டார்கள். வாசிப்பவனையும் நாம் அதே படியில் நிறுத்தினோம்.

குதிரை முதுகில் இருந்த முரசு அரங்கம் ஏறிவிட்டது. பறையும் இன்று கல்லூரி மேடைகளில் ஏறுகிறது, சந்தோஷம். ஆனால் மேடை கிடைத்தது கருவிக்கு மட்டும்தானா?

தம்பிகளே, அடுத்த விழாவுக்குப் பறையடிக்க ஒரு பெரியவர் வந்தால், முதலில் நாற்காலி போட்டு "உட்காருங்க ஐயா" என்று சொல்லுங்கள். அன்று நான் சொல்லாமல் விட்டது அது.