கோட்டை அகழி முதல் சுற்றுச்சாலை வரை: மதுரையில் வீடும் வாரிசும்

முன்னுரை

மதுரையில் சொந்த வீட்டில் குடியிருக்கும் குடும்பங்களின் பத்திரக் கட்டைப் பிரித்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று மேலே இருக்கும்: பாகப்பிரிவினைப் பத்திரம், வீட்டுவசதி வாரியத்தின் கிரயப் பத்திரம், வங்கியில் அடமானம் வைத்து மீட்ட தனியார் மனைக் கிரயம். இந்த மூன்றும் மூன்று காலங்களுக்கு உரியவை. பரம்பரைச் சொத்து இல்லாதவர் மாதச் சம்பளத்தை மட்டும் நம்பி இந்நகரில் வீட்டுக்காரர் ஆக முடிந்த காலம், 20ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்துபோன குறுகிய இடைவெளி என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த இடைவெளி எப்படித் திறந்தது, எவ்வாறு மூடியது, மூடியதில் அரசின் வரி விதிகளுக்கு என்ன பங்கு என்பதை இது ஆராய்கிறது.

மதிலுக்குள் பரம்பரை வீடு

நாயக்கர் காலத்துக் கோட்டை மதில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஊரின் எல்லையாக இருந்தது. ஆட்சியர் பிளாக்பர்ன் 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதிலை இடித்து அகழியைத் தூர்க்க ஏற்பாடு செய்தார். தம் செலவில் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்ப முன்வந்தவர்களுக்கு அந்த இடமே மனையாகக் கிடைத்தது. வெளி வீதிகளும், அப்பணியில் ஈடுபட்டவர்களின் பெயர் தாங்கிய மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இப்படி உருவானவை. மதுரையில் பெரிய அளவில் புதிய மனைகளைப் பகிர்ந்தளித்த முதல் நிகழ்வாக இதைக் கொள்ளலாம். ஆனால் அகழியைத் தூர்க்கக் கூலியாள் வைக்க முடிந்தவரே மனை பெற்றார். நிலம் இலவசமாகக் கிடைத்தாலும் கையில் முதல் இல்லாதவருக்கு அது எட்டவில்லை.

உள்வீதிகளில் வீடும் தொழிலும் ஒன்றாகவே கைமாறின. கீழமாசி வீதியின் பலசரக்கு மண்டிகளும், தெற்காவணி மூல வீதியின் நகைக்கடைகளும், சௌராஷ்டிர நெசவாளர் தெருக்களும் இதற்குச் சான்று. முன்புறம் கடை அல்லது தறி, பின்புறம் குடியிருப்பு என்ற அமைப்பில், வீட்டை இழப்பது பிழைப்பை இழப்பதாகும். ஆகவே விற்பனை அரிது, பாகம் பிரிப்பதே வழக்கம். இருபதடி முகப்புள்ள வீடு இரண்டு மகன்களுக்குப் பத்தடியாகப் பிரியும். அடுத்த தலைமுறையில் ஒருவருக்குக் கீழ்த்தளமும் மற்றவருக்கு மாடியும் போகும். கிணறு பொது, நடுச்சுவர் பொது, நடைபாதை இன்ன அகலம் என்று பத்திரத்தில் வரி வரியாக எழுதிக்கொள்வார்கள். இன்றும் ஒற்றை ஆள் மட்டுமே ஏறக்கூடிய மாடிப்படிகள் மாசி வீதிகளின் குறுக்குச் சந்துகளில் இருப்பது இந்தப் பிரிவினைகளின் விளைவு.

சம்பளக்காரர் வீட்டுக்காரரான காலம்

ரயில் 1875இல் வந்தது. ஹார்வி சகோதரர்கள் 1889இல் மதுரா மில்லைத் தொடங்கினர். முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் 1895இல் வைகைப் படுகைக்கு வந்து மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து மானாவாரி நிலங்களை நஞ்சையாக்கியது. 1901இல் 1,05,984ஆக இருந்த நகரின் மக்கள்தொகை 1951இல் 3,61,781 ஆயிற்று. வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஊரில் பாகம் கிடையாது. ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள் வாடகைக்கு இருந்த வளவு வீடுகளே இவர்களைத் தாங்கின. போர்க்காலத்தில் தொடங்கிய வாடகைக் கட்டுப்பாடு பின்னர் 1960ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைபெற்று, குடியிருப்போரைத் திடீர் வெளியேற்றத்திலிருந்து காத்தது.

சொந்த வீட்டுக்கான வழி வேறு பக்கமிருந்து திறந்தது. திருப்பரங்குன்றம் அருகே ஹார்விபட்டி மில் தொழிலாளர் குடியிருப்பாக எழுந்தது. 1961இல் அமைந்த தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் அண்ணா நகர், கே.கே. நகர், எல்லீஸ் நகர் ஆகிய பகுதிகளில் குறைந்த வருவாய், நடுத்தர வருவாய், உயர் வருவாய் என்று பிரித்து மனைகளையும் வீடுகளையும் ஒதுக்கியது. கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களும் அரசு ஊழியருக்கான வீடு கட்டும் முன்பணமும் துணைநின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது நிலத்தின் விலை எவ்வாறு நிர்ணயிக்கப்பட்டது என்பதை. வாரியம் நிலத்தைக் கையகப்படுத்தி, சாலையும் சாக்கடையும் அமைத்து, விலையைத் தவணை முறையில் பல ஆண்டுகளுக்குப் பரப்பி வசூலித்தது. விலை வாங்குபவரின் மாத வருமானத்தோடு பொருத்திப் பார்க்கப்பட்டது, முழுத் தவணையும் கட்டிய பிறகே கிரயம் கிடைத்தது. மொத்தமாகப் பணம் வைத்திருக்க வேண்டிய தேவை சுருங்கியதால்தான் கிராமத்திலிருந்து வந்த ஆசிரியரும், பேருந்து நடத்துநரும், மின்வாரிய ஊழியரும் வீட்டுக்காரர் ஆனார்கள். ஐரோப்பாவிலும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரம்பரைச் சொத்தின் பங்கு சுருங்கிப் பின்னர் மீண்டும் பெருகியதைப் பொருளியலாளர் தாமா பிக்கெட்டி காட்டியுள்ளார். அங்கே போர்களும் வரிகளும் செய்ததை இங்கே அரசு கையகப்படுத்திய நிலம் செய்தது.

இந்த வாய்ப்பும் எல்லோரையும் சேரவில்லை. நிரந்தர வேலை உள்ளவருக்கே ஒதுக்கீடு பயன்பட்டது. வைகைக் கரையோரத்தில் பட்டா இல்லாமல் வாழ்ந்த குடும்பங்கள் மூன்று தலைமுறை இருந்தும் பிள்ளைக்குக் கொடுக்கக் காகிதம் ஏதும் சேர்க்கவில்லை. பின்னாளில் அவர்களில் பலருக்கு ஒத்தக்கடைக்கு அப்பால் ராஜாக்கூரில் அடுக்குமாடி வீடு ஒதுக்கப்பட்டது. கூரை கிடைத்தது, நகருக்குள் வேலையோடு இருந்த தொடர்பு அறுந்தது.

வயல் சென்ட் ஆன காலம்

1991இல் 9,40,989ஆக இருந்த மாநகராட்சியின் மக்கள்தொகை 2001இல் 9,28,869ஆகக் குறைந்தது. நகரம் தேயவில்லை, எல்லைக்கு வெளியே பெருகியது. பாகம் பிரிந்து பிரிந்து வாழ இடமில்லாமல் போன உள்வீதி வீடுகள் கிடங்குகளாகவும் விடுதிகளாகவும் மாறியது இதற்கு ஒரு காரணம். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்ற 1997ஆம் ஆண்டு அரசாணையால் மேல்நோக்கியும் வளர முடியவில்லை. 2011இல் மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தது.

சுற்றுச்சாலையும், 2004இல் உலகனேரியில் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கிளையும், தோப்பூர் எய்ம்ஸ் அறிவிப்பும் புறநகர் நிலத்தின் மதிப்பை மாற்றின. பெரியாற்றுத் தண்ணீர் பாய்ந்த நஞ்சை ஏக்கர் கணக்கில் விற்கப்பட்டு சென்ட் கணக்கில் மறுவிற்பனை ஆயிற்று. இடையில் இருந்த வித்தியாசம் தரகருக்கும் மனைப்பிரிவு போட்டவருக்கும் சேர்ந்தது. விவசாயி பெற்ற தொகை மகளின் கல்யாணத்திலும் மகனின் படிப்பிலும் கரைந்தது. குறைந்த வருமானக்காரர் வாங்க முடிந்தது அங்கீகாரமற்ற மனைகளையே. அவற்றைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. 2017ஆம் ஆண்டு வரன்முறை விதிகள் 20.10.2016க்கு முற்பட்ட மனைகளுக்கு மட்டும் வழிசெய்தன. கண்மாயையும் வாய்க்காலையும் காக்க இத்தடை தேவைதான். ஆனால் சாலைக்கும் பூங்காவுக்கும் இடம் விட்ட அங்கீகார மனையின் விலை கூலிக்காரரின் கைக்கு எட்டாமல் போனது. அரசு அந்த இடத்தை நிரப்பவில்லை; உச்சப்பட்டி–தோப்பூர் துணைக்கோள் நகரம் முன்னைய வாரியக் குடியிருப்புகளின் வேகத்தில் வளரவில்லை.

வாங்குபவரும் வாரிசும்

இன்று 60 லட்ச ரூபாய் மதிப்புள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அயலாரிடமிருந்து வாங்குபவர் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என 5 லட்சத்து 40 ஆயிரம் கட்ட வேண்டும். வீட்டின் மதிப்பில் வங்கி விதிப்படி 80 சதவீதம் வரையே கடன் கிடைக்கும். மீதி 12 லட்சத்தையும் சேர்த்தால், சாவி வாங்கும் முன் கையில் இருக்க வேண்டியது 17 லட்சத்து 40 ஆயிரம். 48 லட்சக் கடனுக்கு 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 41,700 ரூபாய். அதே வீட்டை அப்பா மகளுக்குச் செட்டில்மெண்ட் எழுதினால் முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. பெற்றோர் இறந்தபின் வாரிசாக அடைந்தால் அதுவும் இல்லை. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மீது விதிக்கப்பட்டு, பெரும் சொத்துகளுக்கு 85 சதவீதம் வரை சென்ற எஸ்டேட் வரி 1953இல் வந்து 1985இல் நீக்கப்பட்டது.

வாடகைச் சந்தையிலும் மொத்தப் பணமே பேசுகிறது. மதுரையில் பரவலாக உள்ள ஒத்தி முறையில், சில லட்சங்களை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று ஆண்டுகள் வாடகையின்றி இருக்கலாம். காலி செய்யும்போது வட்டியில்லாமல் முதல் திரும்பி வரும். கொரியாவின் சோன்சே முறை இதற்கு நெருங்கியது. மாதச் செலவு மிச்சமாகும் என்பதால் இளம் தம்பதியர் இதை விரும்புகின்றனர். அந்த லட்சங்கள் வருவது பெரும்பாலும் பெண்ணின் நகையிலிருந்தோ பெற்றோரின் சேமிப்பிலிருந்தோதான். கொடுக்க ஆளில்லாதவர் மாதா மாதம் வாடகை கட்டி, சேமிக்க முடியாமல் நிற்கிறார்.

வாரிசு யார் என்பதும் இக்காலத்தில் மாறியது. 1929 செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு கோரிய பெண் சொத்துரிமை, 25.03.1989 முதல் நடப்புக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தத்தாலும், 2005இன் மத்தியச் சட்டத்தாலும், 2020இன் உச்சநீதிமன்றத் தீர்ப்பாலும் முழுமை பெற்றது. ஆனால் சட்டம் தந்ததை, பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம் திரும்ப வாங்கிவிடுகிறது. “நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சே” என்ற பேச்சுக்கும், அண்ணன் தம்பி உறவு அறுந்துவிடும் என்ற அச்சத்துக்கும் உட்பட்டுப் பல மகள்கள் கையெழுத்திடுகின்றனர். கொடுத்த நகையின் மதிப்பும் விட்ட வீட்டின் மதிப்பும் ஒரே வேகத்தில் ஏறவில்லை என்பதை யாரும் கணக்கிடுவதில்லை.

முடிவுரை

அண்ணா நகரில் தவணை கட்டிய நடத்துநரின் பேரனும், அதே காலத்தில் வளவு வீட்டில் வாடகை கட்டிய கூலித் தொழிலாளியின் பேரனும் இன்று ஒரே சம்பளம் வாங்கலாம். ஆனால் முன்னவருக்கு 50,000 ரூபாயில் முடிவது பின்னவருக்கு 17 லட்சத்தில்தான் தொடங்குகிறது. இந்த இடைவெளியை உழைப்பு, சிக்கனம் ஆகியவற்றால் மட்டும் விளக்க முடியாது. ஒரு தலைமுறைக்கு அரசு திறந்துவிட்ட வழி அடுத்த தலைமுறைக்கு இல்லை. பெண்கள் பெயரில் 10 லட்சம் வரையான சொத்துகளுக்கு 2025இல் அளிக்கப்பட்ட ஒரு சதவீதப் பதிவுக் கட்டணச் சலுகை, யார் வாங்குகிறார் என்று பார்த்துக் கட்டணம் விதிக்க அரசால் முடியும் என்று காட்டுகிறது. அந்த அளவுகோலைப் பரம்பரை வீடு இல்லாத முதல் வீட்டுக்காரருக்கும் விரித்து, தோப்பூரில் கையில் உள்ள நிலத்தை வருமானத்துக்கேற்ற தவணையில் கொடுத்தால், 1960களின் முறையை இன்றைக்குப் பொருத்த முடியும். இல்லையெனில் மதுரையில் வீடு என்பது மாசி வீதியின் பழைய வழக்கப்படியே, பிறப்பால் கிடைக்கும் பாகமாகத் தொடரும்.