ஒழுகும் தோணியும் ஒரு வரி ஃப்ரீயும்

பழைய முத்துக்குளிப்புக் குறிப்புகளில் ஆண்டுகளைத் தேடி எடுக்க, சி மொழியில் ஒரு சின்ன கட்டளைவரி நிரல் எழுதியிருந்தேன். ஒரு கோப்பு கொடுத்தால் நொடியில் முடிந்துவிடும். போன வாரம் மொத்த ஃபோல்டரையும் கொடுத்தேன். நிரல் பிடித்திருந்த நினைவகம் ஏறிக்கிட்டே போச்சு, இறங்கவே இல்லை.

வால்கிரைண்டில் ஓட்டினேன். 'டெஃபினிட்லி லாஸ்ட்' என்று வரி எண்ணோடு காட்டியது. ஒவ்வொரு வரியையும் ஸ்ட்ர்டப் மூலம் நகலெடுத்திருந்தேன். அது உள்ளுக்குள் மேலாக் செய்து இடம் வாங்கும். அடுத்த வரி வந்ததும் அதே பாயின்டரில் புது முகவரியை எழுதிவிட்டேன். பழைய நகல் எங்கே இருக்கிறது என்று நிரலுக்கே தெரியாது. லூப்பின் கடைசியில் ஒரு ஃப்ரீ சேர்த்தேன், சரியாகிவிட்டது.

இது என் மறதிதான். ஆனால் இந்த மறதிக்கு ஒரு வரலாறு உண்டு.

லிஸ்ப் மொழியில் 1960 வாக்கிலேயே வேண்டாத நினைவகத்தைத் தானாகத் திரட்டும் வசதி வந்துவிட்டது. 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி-யில் அது இல்லை. வாங்கியவரே திருப்பித் தரவேண்டும். யூனிக்ஸ் கட்டளைகள் பெரும்பாலும் சட்டென்று முடிந்துவிடும். முடிந்ததும் இயங்குதளம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். கசிவு இருந்தாலும் யாருக்குத் தெரியும்?

எங்க தூத்துக்குடித் தோணி மாதிரிதான். பலகை இடுக்கில் சொட்டுச் சொட்டாய் நீர் வந்தாலும் கரையோரம் ஓட்டிவிடலாம். அதே தோணி மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போனால்?

1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவை புதிய கணினி முறைக்கு மாறியது. முதல் இரண்டு நாளிலேயே பெருங்குழப்பம். நவம்பர் 4 அதிகாலை இரண்டு மணிக்கு மேல் அது மொத்தமாக நின்றது. இந்த இரண்டாவது முடக்கத்துக்குக் காரணம், மூன்று வாரம் முன்பு ஒரு நிரலர் நீக்காமல் விட்ட சிறு துண்டு நிரல். ஒவ்வொரு வண்டி புறப்படும்போதும் சர்வரில் கொஞ்சம் நினைவகத்தை எடுத்தது, திருப்பித் தரவில்லை. மாற்று சர்வரும் கைகொடுக்காததால் ஊழியர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள்.

கசிவைத் தேட அப்போதே கருவி இருந்தது. பின்னாளில் நெட்ஃபிளிக்ஸ் தொடங்கிய ரீட் ஹேஸ்டிங்ஸ் உருவாக்கிய பியூரிஃபை. அதைக் காசு கொடுத்து வாங்கவேண்டும். 2002-ல் ஜூலியன் சீவார்டின் வால்கிரைண்ட் இலவசமாக வந்தது. இன்று என்னைப் போன்ற ஆட்களுக்கும் அது கிடைக்கிறது.

"சின்ன நிரல்தானே, முடிஞ்சதும் போயிடும்" என்று நானும் நினைத்தேன். ஒரு கோப்புக்கு எழுதியதை ஃபோல்டருக்குக் கொடுத்ததும் நான்தான். நாம் எழுதுவது எவ்வளவு தூரம் போகும் என்று எழுதும்போது தெரிவதில்லை.