ஆப்பசைத்த குரங்கும் புதுச்சேரிப் பாதிரியாரும்

அடுத்தவர் காரியத்தில் தலையிடுவதற்கு ஜப்பான் மொழியில் 'யோகாய்' என்று ஒரு சொல் உண்டு. அலகை உள்ளே விடுவது என்று பொருள். அலகைக் குறிக்கும் அந்தச் சித்திர எழுத்து 1946-ல் வந்த பொது உபயோக எழுத்துப் பட்டியலில் சேரவில்லை. அதனால் இன்று அபூர்வம். நாமும் மூக்கைத்தான் நுழைக்கிறோம். பறவையின் அலகும் நமக்கு மூக்குதானே!

தமிழில் இதற்கு ஒரு பழமொழியும் உண்டு: 'ஆப்பசைத்த குரங்கு போல'. பஞ்சதந்திரத்தில் கரடகன் என்ற நரி தமனகன் என்ற நரிக்குச் சொல்லும் கதை இது. பாதி பிளந்த மரத்தில் ஆப்பை அடித்துவிட்டுத் தச்சர்கள் சாப்பிடப் போகிறார்கள். ஒரு குரங்கு அதில் உட்கார்ந்து ஆப்பைப் பிடுங்குகிறது. பிளவு மூடிக்கொள்ள, நசுங்கிச் சாகிறது. 'நமக்கேன் வம்பு' என்பது கரடகன் கட்சி. தமனகன் கேட்கவில்லை. சிங்கத்துக்கும் எருதுக்கும் நடுவே புகுந்து மூட்டிவிட்டான். எருது செத்தது, அவனுக்கோ மந்திரி பதவி! பழமொழியில் குரங்கு மட்டும்தான் மிஞ்சியது.

இந்தக் கதைகளை 1826-ல் பிரெஞ்சில் வெளியிட்டவர் அபே துபுவா. 1792-ல் புதுச்சேரிக்கு வந்த பாதிரியார். தமிழ், தெலுங்கு, கன்னட வடிவங்களிலிருந்து மொழிபெயர்த்தார். அவர் வந்ததே அடுத்தவர் மதத்தை மாற்றத்தான். முப்பது வருடம் கழித்து, இந்துக்களை மதம் மாற்ற முடியாது என்று 1823-ல் அவரே புத்தகம் போட்டார். ஆனால் அதே மனிதர் மைசூர்ப் பகுதியில் ஊர் ஊராகப் போய் ஜனங்களுக்கு அம்மைத் தடுப்பு குத்த வைத்தார். அதுவும் கூப்பிடாமல் மூக்கை நுழைத்த காரியம்தான். அதில் பிழைத்தவர்கள் அவரை ஆப்பசைத்த குரங்கு என்று சொல்லியிருப்பார்களா என்ன?