எஸ்எஃப்டிபி சர்வரில் பயனர் கட்டுப்பாடு

கோப்பு ஏற்றவும் இறக்கவும் மட்டுமே வரும் பயனரை, அவருக்குரிய அடைவைத் தாண்ட விடாமலும் வேறு கட்டளை எதையும் இயக்க விடாமலும் நிறுத்தும் ஏற்பாடு. கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலை ஒன்று தன் லேபிள் வடிவமைப்பைச் சிவகாசி அச்சகத்தின் சர்வரில் ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். போட்டி ஆலையின் புது லேபிளும் அதே சர்வரில் இருக்கும். ஒருவர் கோப்பு இன்னொருவர் கண்ணில் படாமல் காப்பது இந்த ஏற்பாடுதான்.

கோப்புப் பரிமாற்றத்துக்கு முதலில் நெறிமுறை வகுத்தவர், அலகாபாத்தில் பிறந்து கான்பூர் ஐஐடியின் முதல் மாணவர் தொகுதியில் படித்த அபய் பூஷண். எம்ஐடியில் இருந்தபோது 1971 ஏப்ரல் 16 அன்று ஆர்எஃப்சி 114 ஆவணமாக எஃப்டிபியை வெளியிட்டார். கடவுச்சொல் அதில் எந்த மறைப்பும் இல்லாமல் சென்றது. 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் சிஹெச்ரூட் வந்தது. இது இயங்கும் நிரலுக்கு ஓர் அடைவையே கோப்பமைப்பின் உச்சியாகக் காட்டும். அதற்கு மேல் எதுவும் அதன் பார்வைக்கு வராது. பெயர் சொல்லாமல் நுழைவோரைப் பிற்கால எஃப்டிபி சர்வர்கள் இதற்குள்தான் வைத்தன.

ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடுபோனதையடுத்து, 1995இல் டாட்டு யுலோனென், தொலைக் கணினியுடனான தொடர்பை மறைகுறியாக்கும் எஸ்எஸ்எச்சை எழுதினார். அதன் வழியே கோப்புகளை மாற்றும் எஸ்எஃப்டிபி நெறிமுறை அதன் இரண்டாம் பதிப்போடு வளர்ந்தது. வழியில் ஒட்டுக்கேட்பது நின்றது. ஆனால் கோப்பு போட வந்தவருக்கும், எந்தக் கட்டளையையும் இயக்கத் தரும் முழு ஷெல் கிடைத்தது. அதைத் தடுக்க ஆர்எஸ்எஸ்எச், எஸ்சிபிஒன்லி போன்ற குறுக்கிய ஷெல்கள் எழுந்தன. அவற்றைச் சிஹெச்ரூட்டுக்குள் இயக்க, தேவையான நிரல்களையும் நூலகக் கோப்புகளையும் அடைவுக்குள் நகலெடுத்து வைக்க வேண்டியிருந்தது. சலிப்பூட்டும், தவறுக்கு இடம்தரும் வேலை.

எஸ்எஸ்எச்சின் திறந்த மூல வடிவமான ஓபன்எஸ்எஸ்எச், குறித்த பயனருக்கு மட்டும் விதி வகுக்கும் மேட்ச், குறித்த கட்டளையை மட்டும் இயக்கும் ஃபோர்ஸ்கமாண்ட் ஆகிய அமைப்புகளை 2006இலும், பயனரை ஓர் அடைவுக்குள் அடைக்கும் சிஹெச்ரூட்டைரக்டரி, சர்வரிலேயே அமைந்த இன்டர்னல்-எஸ்எஃப்டிபி ஆகியவற்றை 2008இலும் சேர்த்தது. கோப்புப் பரிமாற்றம் சர்வர் நிரலுக்குள்ளேயே நடப்பதால் நகல் வேலை ஒழிந்தது. இவ்வரலாற்றின் முக்கியமான திருப்பம் இதுவே.

நிர்வாகிகள் அதிகம் தடுமாறுவது ஒரு விதியில்: அடைக்கும் அடைவும் அதற்கு மேலுள்ள அடைவுகளும் முழு உரிமை கொண்ட ரூட் பயனருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், பிறர் அவற்றில் எழுதக் கூடாது. மீறினால் சர்வர் இணைப்பைத் துண்டித்துவிடும். இந்தப் பிடிவாதம் சரியானது. உச்சி அடைவில் எழுத முடிந்தவர் அங்கே போலிக் கடவுச்சொல் கோப்பை வைத்து, உயர் உரிமையில் ஓடும் நிரலை ஏமாற்ற வழியுண்டு. பயனர் எழுதுவதற்கு உள்ளே தனி அடைவு உருவாக்கித் தருவதே முறை. ஷெல் இல்லாத கணக்கிலும், பிற இணைப்புகளை எஸ்எஸ்எச் வழியே கடத்தும் போர்ட் ஃபார்வர்டிங் திறந்திருந்தால், அதன்வழி உள் வலையமைப்புக்குள் போகலாம். அதைத் தனியாக மூட வேண்டும்.

ஓபன்எஸ்எஸ்எச்சில் 2010இல் வாசிக்க மட்டும் விடும் முறை வந்தது. 2014இல் வெளியான அதன் 6.5 பதிப்பு, ஏற்று, அழி, பெயர் மாற்று என ஒவ்வொரு கோரிக்கையையும் தனித்தனியே அனுமதிக்கவும் மறுக்கவும் வழி செய்தது. 2022 ஏப்ரலில் வெளியான 9.0 பதிப்பிலிருந்து, கோப்புகளை நகலெடுக்கும் எஸ்சிபி கட்டளையும் இயல்பாகவே எஸ்எஃப்டிபி நெறிமுறையைப் பயன்படுத்துகிறது. இப்படி அடைக்கப்பட்ட கணக்குகளில் முன்பு தோற்றுவந்த எஸ்சிபி இப்போது வேலை செய்கிறது.