குற்றவியலும் நீதியும்: நம் பிள்ளைகள் எட்டிப் பார்க்காத ஒரு பட்டப்படிப்பு

சில ஆண்டுகளுக்கு முன், லுஹர் தொழுகை முடிந்த நேரத்தில் பள்ளிவாசலுக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். நன்னடத்தை அலுவலர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். மஹல்லாவைச் சேர்ந்த 16 வயதுப் பையன் ஒருவன் செல்போன் திருட்டு வழக்கில் சிக்கியிருந்தான். "பையன் எப்படிப்பட்டவன் ஐயா? வீட்டு நிலைமை எப்படி?" என்று கேட்டார்.

அந்தப் பையன் நம்மிடம் நான்கு வருடம் மக்தபில் ஓதியவன். தந்தை வேலையிழந்து வளைகுடாவிலிருந்து திரும்பியதும், தாய் நோயாளி என்பதும் நமக்குத் தெரியும். ஆனாலும், "வழக்கு விவகாரம், நமக்கு ஏன் வம்பு" என்ற எண்ணத்தில், "அவ்வளவாகத் தெரியாதும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

அவர் எழுத வந்தது சமூக விசாரணை அறிக்கை என்பது பிறகுதான் நமக்குத் தெரிந்தது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, சிறுவனின் குடும்பம், படிப்பு, பழக்கவழக்கம், குற்றம் நடந்த சூழல் ஆகியவற்றை விசாரித்து, இரண்டு வாரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்துக்குக் கொடுக்கவேண்டிய அறிக்கை அது. பையனை வீட்டுக்கு அனுப்புவதா, இல்லத்தில் வைப்பதா என்று முடிவெடுக்கும்போது குழுமம் அதைக் கவனத்தில் கொள்கிறது. நாம் சொல்லியிருந்தால் அதில் நான்கு வரி கூடுதலாக இருந்திருக்கும். அந்த வருத்தத்தில்தான் இந்தத் துறை பற்றிப் படிக்கத் தொடங்கினோம். படித்ததை இங்கே பகிர்கிறோம்.

குற்றவியல் என்றால் என்ன?

பெற்றோர் பலர் மூன்று படிப்புகளை ஒன்றாக்கிக் குழம்புகிறார்கள். சட்டப்படிப்பு (எல்.எல்.பி.) வழக்கறிஞர் ஆவதற்கானது. தடய அறிவியல் என்பது இரத்தம், கைரேகை, நஞ்சு, எழுத்து போன்ற தடயங்களை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும் படிப்பு. குற்றவியல் இவ்விரண்டிலிருந்தும் வேறானது. மனிதன் ஏன் குற்றம் செய்கிறான், சமூகம் அதை எப்படித் தடுக்கலாம், காவல்துறையும் நீதிமன்றமும் சிறையும் எப்படி இயங்குகின்றன, தண்டனை மனிதனைத் திருத்துகிறதா, பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைக்கிறது என்று ஆராய்வது அது. சமூகவியல், உளவியல், சட்டம் மூன்றும் அதில் கலந்திருக்கும்.

இத்தாலியரான பெக்காரியா 1764-இல் எழுதிய நூலிலிருந்து இத்துறையின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். தண்டனையின் கடுமையைவிட, தவறு செய்தால் தண்டனை நிச்சயம் என்ற நிலையே குற்றத்தைக் குறைக்கும் என்பது அவர் வாதம். பிறகு வந்த லோம்ப்ரோசோ, சிலர் பிறவியிலேயே குற்றவாளிகள், முகத்திலும் உடலிலும் அதற்கு அடையாளம் உண்டு என்றார். அக்கருத்தை அறிவுலகம் கைவிட்டுவிட்டது. ஆனால் ஆளைப் பார்த்தே, தெருவைப் பார்த்தே சந்தேகப்படும் மனப்பான்மை இன்னும் போகவில்லை. அமெரிக்கரான சதர்லாந்து 1939-இல், குற்றம் ஏழைகளின் சொத்தல்ல, கோட்டு சூட்டு போட்ட கனவான்களும் தொழிலில் பெருங்குற்றம் செய்கிறார்கள் என்று எடுத்துக்காட்டினார்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இதில் சில பாடங்கள் அந்நியமாகத் தோன்றாது. வாதிடுபவரே ஆதாரம் தரவேண்டும், சந்தேகம் இருக்குமிடத்தில் தண்டனையைத் தவிர்க்கவேண்டும் என்பவை ஃபிக்ஹு கிதாபுகளில் நாம் ஓதியவைதாம். சந்தேகத்தின் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கே என்று இன்றைய நீதிமன்றமும் சொல்கிறது.

நம்மவர் ஒருவர் பதித்த தடம்

உலகின் தொடக்ககாலக் கைரேகைப் பிரிவுகளில் ஒன்று 1897-இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. ஆயிரக்கணக்கான ரேகைகளை வகைப்படுத்தித் தேடும் முறை, அங்கே அதிகாரியாக இருந்த எட்வர்ட் ஹென்றியின் பெயரால் உலகெங்கும் பரவியது. 1901-இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டும் அதை ஏற்றது. அந்த முறைக்குப் பின்னிருந்த கணக்கை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் காஜி அஜீஸுல் ஹக். கணிதம் படித்துவிட்டு வங்காளக் காவல்துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்தவர். அவரோடு ஹேம் சந்திர போஸும் உழைத்தார். இந்தத் துறை நமக்கு எட்டாதது என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

எங்கே படிக்கலாம்?

இந்தியாவில் பல்கலைக்கழக அளவில் குற்றவியல் துறை தொடங்கியவற்றில் முன்னோடி, மத்தியப் பிரதேசத்தின் சாகர் பல்கலைக்கழகம். ஆண்டு 1959. தமிழகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியலுக்குத் தனித்துறை உண்டு. இந்தியக் குற்றவியல் கழகம் 1970-இல் சென்னையில்தான் உருவானது. சில கலைக் கல்லூரிகளில் இளங்கலைப் படிப்பும் இருக்கிறது. மும்பையிலுள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் சமூகப்பணியோடு இணைத்துக் குற்றவியலும் நீதியும் கற்பிக்கப்படுகிறது. அந்நிறுவனம் 1990-இல் தொடங்கிய 'பிரயாஸ்' என்ற களப்பணித் திட்டத்தில், சமூகப் பணியாளர்கள் சிறைகளிலும் நீதிமன்றங்களிலும் கைதிகளுக்கு உதவி வருகிறார்கள்.

முதுகலை இரண்டாண்டுப் படிப்பு. பெரும்பாலும் எந்தப் பட்டதாரியும் சேரலாம். பி.ஏ. வரலாறு, தமிழ், அரபி படித்தவருக்கும் கதவு திறந்தே இருக்கிறது. தடய அறிவியலுக்கோ பொதுவாக அறிவியல் பட்டம் தேவை. ஆலிம் சனது மட்டும் வைத்திருக்கும் தம்பிகள், முதலில் அங்கீகரிக்கப்பட்ட இளங்கலைப் பட்டம் ஒன்றை முடிக்கவேண்டும். மதரஸாவில் ஓதிக்கொண்டே அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தவன் என்ற முறையில், இது முடியாத காரியமல்ல என்று சொல்கிறோம்.

வேலை கிடைக்குமா?

இந்தப் பட்டம் பெற்றால் உடனே போலீஸ் வேலை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். உதவி ஆய்வாளர் பணிக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எழுத்துத் தேர்வும் உடற்தகுதித் தேர்வும் எல்லாருக்கும் பொது. இதைப் படித்துவிட்டு நீதிமன்றத்தில் வாதாடவும் முடியாது. அதற்கு எல்.எல்.பி. வேண்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் பலன் அதிகம்.

சிறைத்துறை, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவும் தொண்டு நிறுவனங்கள், ஆலோசனைப் பணி ஆகியவை இப்படிப்புக்கு நெருக்கமானவை. ஒவ்வோர் அறிவிப்பிலும் கேட்கப்படும் தகுதியைப் படித்துப் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும். ஆசிரியப் பணியை விரும்புவோருக்கான யு.ஜி.சி. நெட் தேர்வில் குற்றவியல் தனிப்பாடமாகவே உள்ளது.

பெண் பிள்ளைக்கு இது ஏற்ற படிப்பா என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும் என்பது சட்டம். கொடுமைக்கு ஆளான பெண்ணோ குழந்தையோ யாரிடம் மனம் திறந்து பேசும் என்று யோசித்தால் பதில் கிடைத்துவிடும்.

யாரும் படிக்காததால் வரும் நஷ்டம்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது, நான்கில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை.

2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. அவற்றில் ஒன்றான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு, முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர், அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் பிணையில் விடுவிக்க வழி செய்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகளும் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. காவலில் இருப்பவர், பெண்கள், குழந்தைகள் ஆகியோர் வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைக் கேட்கலாம். இது 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை. இது தெரியாமல் நகையை அடகு வைத்து இடைத்தரகரிடம் பணம் கொடுத்த குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். விவரம் தெரிந்த ஒரு பிள்ளை மஹல்லாவில் இருந்திருந்தால் அந்த நகை தங்கியிருக்கும்.

நீதிக்காக உறுதியாக நிற்கும்படியும், அது நமக்கோ பெற்றோருக்கோ பாதகமாக இருந்தாலும் உண்மையைச் சொல்லும்படியும் அந்நிஸா அத்தியாயத்தின் 135-ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. அதை மிம்பரில் பலமுறை பேசியிருக்கிறோம். பேசவேண்டிய அன்று பேசாமல் இருந்துவிட்டோம்.

அந்தப் பையன் பிறகு திரும்பி வந்தான். இப்போது மெக்கானிக் கடையில் வேலை செய்கிறான், அல்ஹம்துலில்லாஹ். சென்ற ஆண்டு அவனுடைய தங்கை பிளஸ் டூ முடித்துவிட்டு, "ஹஜ்ரத், எந்தப் படிப்பு எடுக்கலாம்?" என்று கேட்டு வந்தாள். பொறியியல், மருத்துவம், பி.காம். என்று சொல்லிப் பழகிய நாவு, அன்று இந்தப் படிப்பின் பெயரையும் சேர்த்துச் சொன்னது. முடிவை அவளிடமும் அவள் பெற்றோரிடமும் விட்டுவிட்டோம். நம் பிள்ளைகளை நீதியின் பக்கம் நிற்பவர்களாக அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.