பதினாறு வயதுப் புயல்

கதவைப் படாரென்று சாத்துவது, கண்ணாடி முன்னால் ஒரு மணி நேரம் நிற்பது, அம்மா எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசுவது... ‘வயசு அப்படி’ என்று பெருமூச்சு விடுகிறோம் இல்லையா? நூறு வருஷத்துக்கு முன் அமெரிக்கப் பெற்றோரும் அப்படித்தான் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். உளவியல் அறிஞர் ஸ்டான்லி ஹால் 1904-ல் இரண்டு தடித்த வால்யூம்கள் எழுதி, டீன் ஏஜ் என்றாலே புயல்தான், அது உடம்போடு வருவது என்று அடித்துச் சொல்லியிருந்தார்.

உலகம் பூராவும் அப்படித்தானா? கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃப்ரான்ஸ் போவாஸுக்குச் சந்தேகம். விடை தேடி வரச்சொல்லித் தன் மாணவியை அனுப்பினார். மார்கரெட் மீட், வயது 23. 1925-ல் பசிபிக் கடலில் இருக்கும் சமோவாவில் போய் இறங்கினார்.

டாவூ என்ற குட்டித் தீவு. மூன்று கிராமங்கள். 68 பெண்கள். மாதக்கணக்கில் அவர்களோடு பேசி, பழகி, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அங்கே ஆறேழு வயதுப் பெண் குழந்தையின் இடுப்பில் தம்பியோ தங்கையோ உட்கார்ந்திருக்கும். பிரசவம், சாவு இரண்டுமே குழந்தைகள் கண்ணெதிரில் நடக்கும். வீட்டில் சண்டையா? பாயைச் சுருட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போய்விடலாம்! யாரும் அதைப் பெரிய விஷயமாக நினைப்பதில்லை.

அமெரிக்கப் பெண்ணுக்கோ ஒரே அப்பா, ஒரே அம்மா, நான்கு சுவர். வெளியே ஜாஸ், சினிமா, கார். எந்த மதம், என்ன வேலை, யாரோடு கல்யாணம்? எல்லாவற்றையும் அவளே முடிவு செய்தாக வேண்டும். புயல் ரத்தத்தில் இல்லை, வளர்ப்பில் இருக்கிறது என்றார் மீட். 1928-ல் புத்தகம் வந்தது. பரபரப்பான விற்பனை!

மீட் 1978-ல் இறந்தார். 1983-ல் டெரிக் ஃப்ரீமன் என்ற மானுடவியலாளர் குண்டு போட்டார். சமோவாவில் பெண்களுக்குக் கடும் காவல் உண்டு, கன்னித்தன்மைக்கு அபார மதிப்பு உண்டு, அடி உதையும் உண்டு. மீட் பார்த்தது பாதிக் கனவு என்றார். 1987-ல் மீடின் பழைய சமோவாத் தோழி ஒருவர், வயதான காலத்தில், ‘ராத்திரி பையன்களோடு சுற்றுவோம் என்று அவரிடம் சும்மா விளையாட்டுக்குச் சொன்னோம்’ என்றார்.

அவ்வளவுதானா? இல்லை. பிற்பாடு மீடின் குறிப்புகளைப் புரட்டிய ஆய்வாளர்கள், அந்தக் கேலியை நம்பித்தான் புத்தகம் எழுதப்பட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். மீட் கொஞ்சம் மிகைப்படுத்தினார். ஃப்ரீமன் அதைவிட அதிகமாகவே!

வளரும் வயதில் மூளையே மாறுகிறது என்று இன்றைய விஞ்ஞானம் சொல்கிறது. ஆக, ஹால் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் உடம்பைக் காட்டி நாம் தப்பித்துவிட முடியாது என்பதுதான் மீட் விட்டுப்போன பாடம். அடுத்த முறை கதவு படாரென்று சாத்தப்பட்டால், ‘வயசு அப்படி’ என்பதற்கு முன்னால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கோபித்துக்கொண்டு போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வர, அந்தப் பெண்ணுக்கு ஒரு மாமா வீடு இருக்கிறதா?